பொழுது சாய்வதற்குள் வாங்கிய வண்டி

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பட்டப்பகலில் முடிந்துவிடும். இங்கே டிசம்பர் மாதத்தில் நான்கு மணியைத் தாண்டியதும் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் வாயில் எதையும் போடுவதில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் இருந்தவரை இது ஒரு கட்டுப்பாடு என்றே எனக்குத் தோன்றியதில்லை. மாடு திரும்பும், அம்மா தட்டு வைப்பாள், சாப்பிடுவோம், பிறகு விளக்கைப் போடுவார்கள். அவ்வளவுதான். வெர்மான்ட் மாநிலத்துக் காகித ஆலையின் ஆய்வுக்கூடத்தில் மூன்றரை மணிக்கு டிபன் கேரியரைத் திறக்கும்போதுதான் அது பெரிய கொள்கையாகிவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேஜை அம்மாள் என்னைச் சில நாள் கவனித்துவிட்டு, எனக்கு வயிற்றுப்புண் என்று தானே முடிவுகட்டி, ஒரு டப்பா மாத்திரையைக் கொண்டுவந்து வைத்தார். விளக்கிச் சொன்னேன். இருட்டில் சிறு உயிர்கள் உணவில் விழுந்து சாகும், அதனால்தான் என்றேன். "இந்தக் குளிரில் பூச்சி ஏது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது சாப்பாட்டைப் பற்றி அல்ல, ஒரு காரைப் பற்றி. ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தக் காரைச் சொல்ல முடியாது.

எண்பதுகளின் நடுவில் நானும் பத்மாவும் இங்கே வந்து சேர்ந்தோம். ஆலை ஆற்றங்கரையில், எங்கள் வாடகை வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். முதல் குளிர்காலத்தைக் கார் இல்லாமலே ஓட்டிவிட்டோம். அடுத்த குளிர்காலம் அப்படிப் போகாது என்று தெரிந்துவிட்டது. பத்மாவுக்கு ஜனவரிக் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். இந்த மலையை நம் செஞ்சி மலை மாதிரி நினைக்கவேண்டாம். நம் மலையில் ஏறுவதா வேண்டாமா என்பது நம் விருப்பம். இங்கே ரோடே மலைமேல் ஏறி இறங்குகிறது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை அது பனியும் ஐஸும் மூடிய சரிவு. ஆம்புலன்ஸ் வரும், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து அதுவும் மலை ஏறித்தான் வரவேண்டும்.

எங்கள் தெருமுனையில் ரே என்பவர் கார் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். பனி விழும் நாட்களில் தன் லாரியின் முன்னால் ஒரு பெரிய இரும்புப் பலகையை மாட்டிக்கொண்டு ரோட்டில் கிடக்கும் பனியைத் தள்ளும் வேலையும் அவருக்கு உண்டு. என்ன வண்டி வாங்கலாம் என்று அவரைத்தான் கேட்டேன். ஜப்பான்காரர்கள் ஒரு ஸ்டேஷன் வேகன் செய்கிறார்கள், பின்புறம் நீளமான பெட்டி மாதிரி இருக்கும், அதில் ஃபோர் வீல் டிரைவ் உள்ளதாகப் பார் என்றார். சாதாரணக் காரில் முன்சக்கரம் இரண்டோ பின்சக்கரம் இரண்டோதான் வண்டியை இழுக்கும். இதில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருக்கும். அதைத் தூக்கினால் முன்னால் ஒரு பச்சை விளக்கு எரியும். அப்போது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், வண்டி பனியில் வழுக்காமல் ஏறும். புதியது உன்னால் முடியாது, பழையதாக ஒன்று வாங்கிவிடு, ஆனால் வாங்குமுன் என்னிடம் கொண்டுவா, மேலே தூக்கி அடியில் பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

அப்படி ஒரு வண்டி எங்களுக்கு உடனே அகப்பட்டது. அதுவும் நம் ஊர்க்காரரிடம்! செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் குடும்பத்தை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. என் நைனா விளைவிக்கும் மூட்டைகள் எல்லாம் அந்த மண்டிக்குத்தான் போகும்; எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வேறு மண்டிப் படி ஏறியதில்லை. அந்த வீட்டு மூத்த பிள்ளை சாந்தகுமார் எனக்கு வெகு முன்பே அமெரிக்கா வந்துவிட்டவர், எங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தார். நான் கிளம்பும்போது மண்டியிலிருந்த அவர் தம்பி போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "எங்க அண்ணன் இருக்கறப்ப உனக்கு இன்னா கவல?" என்று தோளில் தட்டி அனுப்பினான். வந்ததிலிருந்து தீபாவளிக்கும் மகாவீர் ஜெயந்திக்கும் போனில் பேசிக்கொள்வோம். கார் தேடுகிறேன் என்று சொன்னதும் சாந்தண்ணன் சிரித்தார்.

"எங்கூட்டுலியே ஒண்ணு சும்மா நிக்குது, தம்பி. ஃபோர் வீல் டிரைவ்தான். நான் புதுசு வாங்கிட்டேன். வந்து எடுத்துக்கினு போ."

விலையும் எங்கள் கைக்கு அடங்குவதாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரேயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கை துடைத்துக்கொண்டே, "நல்லது, ஓட்டிக்கொண்டு இங்கே வா, பார்த்தபிறகு பணம் கொடு" என்றார். அப்படிச் செய்ய முடியாது, அவர் என் ஊர்க்காரர் என்றேன். "சொந்தக்காரரா?" இல்லை, ஒரே ஊர். "உன் ஊரில் எத்தனை பேர்?" சொன்னேன். "அத்தனை பேரையும் நம்புவாயா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது, தகப்பனும் மகனும்கூடத் தனித்தனி பில் கட்டிச் சாப்பிடுகிற தேசம் என்று மனதுக்குள் ஏளனம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். பத்மாவுக்கு மட்டும் ரே சொன்னது சரியென்று பட்டது. "இங்க கொண்டு வராட்டியும் பரவாயில்லீங்க. அங்கியே ஒரு தபா அடியில குனிஞ்சி பாத்துடுங்க. சாப்புடறதுக்கு முன்னாடி பாத்துடுங்க" என்றாள். சாப்பிட்ட பிறகு என்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அவர் கையால் சாப்பிட்டுவிட்டு, எழுந்துபோய் அவர் பொருளில் சொத்தை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் மனிதன் செய்கிற காரியமில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலேகூட, மனதில் சந்தேகம் இருந்தால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கினோம். சாந்தண்ணன் தன் புதுக்காரில் வந்து அழைத்துப் போனார். அவர் மனைவி விஜயா அக்கா பத்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மணி இரண்டு இருக்கும். வண்டி வாசலிலேயே பழுப்பு நிறத்தில், கழுவித் துடைத்து நின்றது. போய்ப் பார்க்கலாம் என்று நான் திரும்பும்போதெல்லாம் அண்ணனுக்கு ஏதாவது பேச்சு நினைவுக்கு வந்தது. மேல்சித்தாமூர்த் தேர், மண்டியில் வேலை செய்த ஒற்றைக்கண் கணக்கர், சிறுவயதில் வல்லம் சந்தையில் அண்ணன் தொலைந்துபோய் அகப்பட்ட கதை. வயிறு குலுங்கச் சிரித்தோம். இந்தத் தேசத்துக்கு வந்ததிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை என்பதே அன்றுதான் தெரிந்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அதை மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்ற நினைப்பில் இருந்த நான் ஜன்னலைப் பார்த்தபோது வெயில் மஞ்சளாகிக் கீழே இறங்கியிருந்தது.

"அண்ணே, வண்டிய ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன்.

"பொழுது சாயப்போவுது, மொதல்ல சாப்டு. வண்டி எங்க ஓடிடப் போவுது?" என்றார் சாந்தண்ணன். "புள்ளத்தாச்சி பட்டினியா கெடக்கலாமா? விஜயா, தட்டு வையி."

மிச்சமிருந்த வெளிச்சத்தில் ஒரு காரியம்தான் செய்யலாம். ஒன்று வண்டியின் அடியில் குனிய வேண்டும், இல்லையென்றால் சாப்பிட வேண்டும். வேறு எவனாவது இருந்தால் குனிந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டை இரவு எட்டு மணிக்கு முடித்திருப்பான். எனக்கும் பத்மாவுக்கும் அந்த வழி இல்லை. அதுவும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பொழுது சாய்வதற்குள் தட்டு வைக்கிற வீடு எங்களைத் தவிர அது ஒன்றுதான். வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், மிளகு ரசம். தாய்வீட்டுக்கு வந்தவள்போல பத்மா சாப்பிட்டாள். நான் மூன்றாம் முறை சோறு வாங்கினேன். கை கழுவும்போது வெளியே இருட்டிவிட்டது. அதன்பிறகு அண்ணன் டார்ச் லைட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "போய் நல்லா பாத்துக்க தம்பி, அடியில கூட பாரு" என்றார். அவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறவரின் முகத்துக்கு எதிரே எப்படி மண்டி போடுவது? சீட்டில் உட்கார்ந்து லீவரைத் தூக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது விஜயா அக்கா பத்மாவின் மடியில் பழம் வைத்து, "பனி பேஞ்சா வெளிய போவாதம்மா. மல ரோட்டுல மட்டும் போவாதீங்க" என்றாள். பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்தோம்.

ஊர் திரும்பியதும் ரே வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "அடியில் பார்த்தாயா?" என்று கேட்டார். "அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டேன்" என்று விளக்கம் சொன்னேன். அதற்கு ரே, "சாப்பாடு நன்றாக இருந்ததா?" என்றார். இருந்தது என்றேன். பணமும் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் மேலே தூக்கிப் பார்ப்பது அண்ணனைச் சந்தேகப்படுவதாகும் என்று நானும் அதைக் கேட்கவில்லை. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. இருவரும் ஒரே மொழியில்தான் பேசினோம், ஆனால் நான் சொன்ன காரணம் அவரைப் போய்ச் சேரவில்லை. அவர் எதற்காகக் கேட்டார் என்பது என்னையும் சேரவில்லை.

டிசம்பர் முழுவதும் வண்டி நன்றாகவே ஓடியது. எங்கள் ஊருக்குள் சமதரை; முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியும் அதில் ஒருமாதிரி போய்விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பச்சை விளக்கைப் பார்த்துப் பூரித்துப்போவேன். நைனாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். மண்டிக்காரர் வீட்டு அண்ணன் இல்லையென்றால் இந்தத் தேசத்தில் நாங்கள் தவித்துப் போயிருப்போம், கடவுள் மாதிரி வந்து வண்டி கொடுத்தார் என்று எழுதினேன். ஆமாம், கடவுள் மாதிரி என்றேதான் எழுதினேன்.

ஜனவரியில் டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே பத்மாவுக்கு வலி கண்டது. மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நடுக்கமே இல்லை; இதற்காகத்தானே இந்த வண்டி என்ற தைரியம். அவளைப் போர்வையில் சுற்றி உட்கார வைத்தேன், லீவரைத் தூக்கினேன், விளக்கு எரிந்தது, கிளம்பினோம். மலைச்சரிவில் பாதிவரை வண்டி ஏறியது. அதற்குமேல் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். வண்டி மெதுவாகப் பின்னால் சரிய ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடித்தால் பக்கவாட்டில் திரும்பி, ஓரத்துத் தடுப்புக் கம்பியில் போய் முட்டி நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

"நான் எறங்கிக்கறேன்" என்றாள் பத்மா. கதவைத் திறந்துவிட்டேன். ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு அவள் பனியில் நின்றாள். நான் வண்டியை முன்னால் எடுக்கப் பார்த்தேன். என்ஜின் கத்தியது, பனி வாரியடித்தது. அவள் கையை ஆட்டி என்னை நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியை இறக்கினேன்.

"பின்னாடி சக்கரம் ரெண்டும் சும்மா நிக்குதுங்க. முன்னாடிதுதான் சுத்துது."

"பச்ச லைட் எரியுதே!"

"லைட் எரிஞ்சா? சக்கரம் சுத்தலியே. நான்தான் பாக்கறேனே" என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு அடுத்த வலி வந்து கம்பியின்மேல் கவிழ்ந்துகொண்டாள். வண்டியை விட்டு இறங்கி ஓடி அவளைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பயத்தை எழுதிக் காட்ட என்னால் ஆகாது. கீழே வளைவில் மஞ்சள் விளக்கு சுழன்றபடி ரேயின் லாரி பனியைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தது. அந்த ரோடு அவர் பொறுப்பு. பனி விழும் நாளில் அவர் வருகிற நேரம்தான். ஒரு வார்த்தை கேட்காமல் பத்மாவைத் தூக்கித் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் எங்கள் மகள் பிறந்தாள். சுமதி என்று பெயர் வைத்தோம்.

வண்டியை ரேதான் இழுத்து வந்தார். அடுத்த வாரம் கடைக்குப் போனபோது அது மேலே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அடியில் நிற்கச் சொன்னார். லாரிகளின் அடிவயிற்றில் நீளமாக ஒரு ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோவது அதுதான். எங்கள் வண்டியில் அது இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. உடைந்ததோ தேய்ந்ததோ இல்லை, இல்லவே இல்லை. கழற்றி எடுத்துவிட்டு, எண்ணெய் ஒழுகாமல் அந்தத் துளையை ஒழுங்காக அடைத்தும் வைத்திருந்தார்கள். "பின்பக்கம் கெட்டுப்போனால் சரிசெய்யச் செலவாகும். அதனால் சிலர் இப்படிக் கழற்றிவிடுவார்கள். லீவரைத் தூக்கினாலே அந்த விளக்கு எரியும், சக்கரம் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியாது. உன் நண்பருக்குத் தெரிந்திருக்கும்" என்றார் ரே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவருக்குத் தெரிந்திருக்காது. யாராவது மெக்கானிக் அவரையும் ஏமாற்றியிருப்பான்" என்றேன். என் மனைவியைப் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கவைத்த மனிதரை, இன்னொரு தேசத்துக்காரருக்கு முன்னால் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பெயர் கெட்டால் என் ஊர்ப் பெயரும் சேர்ந்து கெடும் என்று நினைத்தேன். ரே தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினார்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை முற்பகலில் பஸ் ஏறி சாந்தண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகம் மலர்ந்தது. குழந்தை எப்படி இருக்கிறது, பத்மாவுக்குப் பத்தியம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார்.

"வா, வா. மொதல்ல சாப்டுட்டு அப்பால பேசலாம்."

"சாப்பாடு வேணாண்ணே" என்றேன். விஜயா அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "வண்டியில ஷாஃப்டே இல்லண்ணே. பின்னாடி சக்கரம் சுத்தறதே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நம்பியிருப்பேன், நம்பத்தான் அவ்வளவு தூரம் போனேன். "வண்டி ஓடுதுல்ல?" என்று கேட்டார். "அதுக்கேத்த வெலையிலதான குடுத்தேன். டார்ச் லைட்ட கையிலயே குடுத்தேன், அடியில பாருன்னும் சொன்னேன். நீ பாக்கல."

"பத்மா மலையில நின்னாண்ணே. வலியோட, பனியில."

"நல்லபடியா பொறந்திடுச்சுல்ல?"

"என்கிட்ட ஏன் குடுத்தீங்க? வேற யாருக்காச்சும் வித்திருக்கலாமே!" என்று கத்திவிட்டேன்.

அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "இன்னாப்பா பேசற நீ? வெள்ளக்காரன்கிட்ட வித்தா மறுநாளே கேஸ் போட்டுடுவான். நம்ம ஊருப் புள்ள, புரிஞ்சிக்கும்னுதான உனக்குக் குடுத்தேன்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவர் என்னைப் பகைவனாக நினைத்து ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். அவரோ நம்மவன் என்று நினைத்துத்தான் ஏமாற்றினார். நம்மவன் கேஸ் போடமாட்டான், நம்மவன் அடியில் குனிந்து பார்க்கமாட்டான், நம்மவன் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்த நல்லது எல்லாம் அவருக்கு வசதியாகிவிட்டது. நடைபாதையில் எறும்பு போனால் காலைத் தூக்கிவைத்து நடக்கிற மனிதர் அவர்; நானே பார்த்திருக்கிறேன். விஜயா அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மலை ரோட்டில் போகாதே என்று அவள் சொன்னது எனக்கு அப்போது விளங்கியது. பாசம்தான், பொய்யில்லை. ஆனால் வாயைத் திறந்து இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இங்கே நான் நாலு பேரிடம் இதைச் சொன்னேன், எல்லோரும் நம்மவர்கள்தான். அப்படி இருக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. "விடுங்க சார், வெளிய தெரிஞ்சா நமக்குத்தான அசிங்கம்" என்றார்கள். நைனாவுக்கும் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். பதில் வந்தது. பேத்திக்கு ஆசீர்வாதம், மழை நிலவரம், கிணற்றுக்கு மோட்டார் போட்ட விஷயம் எல்லாம் இருந்தன. காரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

ஏன் இல்லை என்பது சுமதிக்கு இரண்டு வயது ஆனபோது ஊருக்குப் போய்த்தான் தெரிந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நைனாவோடு இறங்கி நடந்தோம். மண்டி வாசலைத் தாண்டும்போது சாந்தண்ணனின் தம்பி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். பெஞ்சில் உட்காரவைத்து சோடா உடைத்துக் கொடுத்தான். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள், எடை போடுகிறவர், சரக்குக் கொண்டுவந்த குடியானவர்கள் என்று பத்துப் பேர் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள்.

"தோ இவருக்குத்தான் எங்கண்ணன் காரு குடுத்தது" என்றான் தம்பி. "ஐஸ்ல போற காரு. இவுங்க சம்சாரத்துக்கு அந்தக் காருலதான் ஆஸ்பத்திரி போயி பிரசவம் ஆச்சி. பெரியவரு கடுதாசிய இங்கதான் படிச்சிக் காட்னாரு. கடவுள் மாரின்னு எழுதி இருந்தாருப்பா!"

எடை போடுகிறவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் முதல் கடிதம் மண்டியில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கடிதம் நைனாவின் சட்டைப்பையைத் தாண்டி வரவில்லை. அது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நைனாவின் கை என் தொடையின்மேல் வந்து அழுத்தியது. அவர் என்னைப் பார்க்கவில்லை; வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்மா சுமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப்பெண்கள் "அந்தக் காருல பொறந்தது இதுவா?" என்று கன்னத்தைக் கிள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோடாவைக் குடித்து முடித்தேன்.

வெளியே வந்ததும் நைனாவைக் கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் நைனா சொல்லல?"

"சொல்லிட்டு?" என்றார். "அறுப்பு முடிஞ்சதும் மூட்டைய எங்க எறக்குவேன்? நீ வந்துட்டுப் போற ஆளு. நான் இங்கியே கெடக்கறவன்டா."

அவர் பேரில் எனக்கு ஆத்திரம் வந்தது. இவருக்குத் தன் மருமகள் பெரிதா, மண்டி பெரிதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ரேயின் முன்னால் நான் சாந்தண்ணனுக்காகப் பேசியதும் இவர் மண்டியில் வாயை மூடிக்கொண்டதும் ஒரே காரியம்தானே. என்னை "வந்துட்டுப் போற ஆளு" என்று அவர் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. என்னை ஏமாற்றியவர் இந்த ஊருக்குக் கடவுள் மாதிரி. நான் இந்த ஊருக்கு விருந்தாளி.

கிளம்புகிற அன்று காலையில் தம்பி மேல்சித்தாமூருக்கே சைக்கிளில் வந்துவிட்டான். மல்லாட்டை உருண்டையும் எள்ளடையும் கட்டிய ஒரு பெரிய பொட்டலம். "அண்ணனுக்குக் குடுத்துடு. அண்ணிக்கு எள்ளடன்னா உசுரு" என்றான். ஊரிலிருந்து வெளிநாடு போகிறவன் பிறர் வீட்டுப் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது உங்களுக்கே தெரியும். நானும் அவன் அண்ணனும் பேசி இரண்டு வருடம் ஆகிறது என்று அவனுக்குத் தெரியாது. நைனா அதை வாங்கி, தானே என் பெட்டியில் துணிகளுக்கு மேல் வைத்தார்.

நியூயார்க் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். கடலையும் எள்ளும் வெல்லமும் என்றேன். "இதில் இருப்பதெல்லாம் உங்களுடையதா? வேறு யாராவது கொடுத்தனுப்பியது எதுவும் உண்டா?" என்று கேட்டார். பத்மா என்னைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் என்னுடையதுதான்" என்றேன்.

அவர் பொட்டலத்தைத் திரும்பப் போட்டுவிட்டு எங்களைப் போகச் சொன்னார். கலைத்த துணி பழையபடி அடங்கவில்லை. பொட்டலம் மேலே துருத்திக்கொண்டு பெட்டி மூட மறுத்தது. எவ்வளவு அழுத்தியும் பூட்டு சேரவில்லை. கடைசியில் சுமதியைத் தூக்கி மூடியின்மேல் உட்காரவைத்தேன். அவளுக்கு அது விளையாட்டு. கைதட்டிக்கொண்டு ஏறி ஏறிக் குதித்தாள். அடியில் ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. பூட்டு சேர்ந்தது.